ரிவ்யூல திட்டு வாங்கினா என்ன பண்றது? கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்ன சொல்லுதுன்னா…

முதல் ரிவ்யூ முடிஞ்சு வெளியே வந்ததும் எங்க டீம்ல மூணு பேரும் ஒரே ஒரு வரியைத்தான் பேசிட்டிருந்தோம். "இதுல என்னம்மா புதுசு? யூட்யூப்ல போட்டா நூறு வீடியோ வருது." பேனல்ல இருந்த ஒரு சார் சொன்னது. கேன்டீன்ல டீ ஆறிப்போற வரைக்கும் அதையே பேசினோம். ராத்திரி ஹாஸ்டல்லயும் அதே பேச்சுதான். தூக்கமே வரல.

எங்க ப்ராஜெக்ட், மண்ணோட ஈரத்தை அளந்து மோட்டாரைத் தானா ஓடவிடற ஒரு செட்டப். அன்னிக்கு அதே சார் இன்னொண்ணும் சொல்லியிருக்கார்: "இந்த ரெண்டு கால் ப்ரோப் ஈர மண்ணுல ரொம்ப நாள் தாங்காது, அரிச்சுடும். ரீடிங் மாறிடும்." சத்தியமா எனக்கு இது ஞாபகமே இல்ல. மூணு வாரம் கழிச்சு, தண்ணி நிறைய இருந்த தொட்டியைப் பார்த்து 'காய்ஞ்சிருக்கு'ன்னு சென்சார் சொல்லிச்சு. மோட்டார் நிக்காம ஓடி, லேப் தரையெல்லாம் தண்ணி. அப்போதான் என் டீம்மேட் அவ நோட்டைத் திறந்து காட்டினா. அந்த வரி தேதியோட இருந்தது. ரெண்டாவது ரிவ்யூவுக்கு இன்னும் ஆறே நாள்.

ஒரே ஆள், ஒரே அஞ்சு நிமிஷம். வலிச்ச வரி மட்டும் எனக்குக் கேட்டிருக்கு, உதவற வரி கேட்கல. இது ஏன்னு யோசிச்சப்போ, நாம பாஸ் பண்ணிட்டு மறந்துபோன ஒரு சப்ஜெக்ட்லயே பதில் இருந்தது.

நெகட்டிவ்னா கெட்டது இல்ல

1927 ஆகஸ்ட் மாசம். பெல் லேப்ஸ் இன்ஜினியர் ஹரால்டு பிளாக், நியூயார்க்ல ஹட்சன் ஆத்தைப் படகுல கடந்து வேலைக்குப் போயிட்டிருந்தார். தூரத்துக்குப் போற டெலிபோன் லைன்ல வழியெல்லாம் ஆம்ப்ளிஃபயர் வைக்கணும். ஒவ்வொண்ணும் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக் கெடுக்கும். அதை எப்படிக் குறைக்கிறதுன்னு அவர் பல வருஷமா மண்டையை உடைச்சிட்டிருந்தார். அந்தப் படகுலதான் விடை தோணிச்சு. கையில இருந்த செய்தித்தாள் பக்கத்துலயே வரைஞ்சார்: அவுட்புட்ல ஒரு பகுதியை எடுத்து, தலைகீழாக்கி, இன்புட்டுக்கே திருப்பி அனுப்பு. அதுதான் நெகட்டிவ் ஃபீட்பேக்.

இதுக்கு ஒரு விலை உண்டு, கெயின் குறையும். பெரிசு பண்றதுக்குன்னே இருக்கற ஒரு கருவியோட பலத்தை வேணும்னே குறைக்கிறதான்னு அப்போ பலருக்கும் நம்பிக்கை வரல. 1928-ல விண்ணப்பிச்ச காப்புரிமை 1937-லதான் கிடைச்சுது.

நம்ம லேப்ல இருக்கற 741 ஆப்-ஆம்பையே எடுத்துக்கோங்க. ஃபீட்பேக் இல்லன்னா அதோட கெயின் சுமார் ரெண்டு லட்சம். ஒரு மில்லிவோல்ட் குடுத்தாலே அவுட்புட் சப்ளை வரைக்கும் போய் முட்டி நின்னுடும். அதுக்கு மேல அது எதையும் ஆம்ப்ளிஃபை பண்ணாது. ரெண்டு ரெசிஸ்டர் போட்டு ஃபீட்பேக் குடுத்தா கெயின் பத்தோ இருபதோதான். ஆனா நம்பலாம். "சூப்பர்டி, கலக்கிட்ட"ன்னு மட்டுமே கேட்டு வளர்ற ப்ராஜெக்ட் அந்த முதல் நிலைதான். பாசிட்டிவ் ஃபீட்பேக் கூடினா என்ன ஆகும்னு தெரியணும்னா, கல்ச்சுரல்ஸ்ல மைக்கை ஸ்பீக்கர் கிட்ட கொண்டுபோனப்போ வந்த 'கீ…' சத்தத்தை ஞாபகப்படுத்திக்கோங்க.

முதல்ல செட் பாயிண்ட்

ஒரு லூப்ல எரர்னா என்ன? நமக்கு வேண்டிய அளவு, இப்போ இருக்கற அளவு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். அப்போ வேண்டிய அளவு எதுன்னு முதல்ல நமக்குத் தெரிஞ்சிருக்கணும். எங்களுக்குத் தெரியல. அதனால ஒரு சீனியர் "ஆப் பண்ணு"ன்னா ஆப், இன்னொருத்தர் "மெஷின் லேர்னிங் சேரு"ன்னா அதுன்னு ரெண்டு வாரம் அலைஞ்சோம்.

தண்ணி கொட்டின அன்னிக்குத்தான் ஒரு வரி எழுதினோம்: 'ஒரு மாடித்தோட்டத்துல மூணு மாசம் யாரும் தொடாம இது ஓடணும்.' இதை எழுதினதும் ப்ரோப் அரிச்சுடும்ங்கறதுதான் எங்களுக்கு வந்த விமர்சனத்துலயே பெரிசுன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஆப் இல்லாதது ஒரு குறையே இல்ல.

எது சிக்னல், எது நாய்ஸ்

பேனல்ல இன்னொருத்தர் கேட்டார்: "ஹார்டுவேர் எல்லாம் யாரு செஞ்சு குடுத்தாங்க?" மூணு பேரும் பொண்ணுங்க, அதான் அந்தக் கேள்வி. இதுல ப்ராஜெக்ட்டைப் பத்தி ஒரு அளவும் இல்ல. இது நாய்ஸ். இதுக்காக எதையும் திருத்த வேண்டியதில்ல. ஆனா "நாங்கதான் சார் செஞ்சோம்"னு நேரா சொல்லியிருக்கணும். அன்னிக்குச் சிரிச்சு மழுப்பிட்டோம்.

'யூட்யூப்ல இருக்கு'ங்கறது? நாய்ஸ்னுதான் நான் முடிவு பண்ணியிருந்தேன். தொனி அப்படி. ஆனா தொனியைக் கழிச்சுட்டுப் பார்த்தா ஒரு கேள்வி மிஞ்சுது: இதுல உங்க பங்கு எது? அன்னிக்கு எங்ககிட்ட அதுக்குப் பதில் இல்ல. அதனாலதான் அவ்வளவு வலிச்சுது. எரிச்சலா சொன்னதுங்கறதால ஒரு விஷயம் பொய்யாகாது, அன்பா சொன்னதுங்கறதால உண்மையும் ஆகாது. சந்தேகமா இருந்தா ஃபில்டர் போடுங்க. ஒருத்தர் ஒரு தடவை சொன்னதைக் குறிச்சு வைங்க. சம்பந்தமில்லாத மூணு பேர் அதையே சொன்னா திருத்துங்க.

கெயினும் டிலேயும்

ஹாஸ்டல் கீசர் தெரியும்ல? சுடுதண்ணியைத் திருகுவோம், வராது. இன்னும் திருகுவோம். திடீர்னு கொதிக்கக் கொதிக்க வரும். பதறிப்போய் மூடுவோம், அடுத்து ஐஸ் தண்ணி. திருகினது அதிகம், பலன் வர்றதோ லேட்டு. லூப்ல கெயினும் டிலேயும் சேர்ந்து கூடினா சிஸ்டம் ஊசலாடும். எந்த அளவு வரைக்கும் தாங்கும்ங்கற கணக்கைத்தான் நைக்விஸ்ட் 1932-ல போட்டுக் குடுத்தார்.

நானும் அப்படித்தான் ஊசலாடினேன். முதல் ராத்திரி "டாபிக்கையே மாத்திடலாம்"னேன், அது கெயின் கூடிப்போனது. அடுத்த மூணு வாரம் ஒண்ணுமே பண்ணல, அது டிலே. ப்ரோப்பை மட்டும் மறுநாளே மாத்தியிருந்தா ஒரு சாயங்கால வேலை. திட்டு வாங்கின அன்னிக்குப் பெரிய முடிவு எடுக்காதீங்க. ஆனா ஒரு சின்னத் திருத்தத்தையாவது ரெண்டு நாளைக்குள்ள ஆரம்பிச்சுடுங்க.

அந்த ஆறு நாள்ல கெப்பாசிட்டிவ் சென்சார் வாங்கினோம். அதுல உலோகம் நேரா மண்ணைத் தொடாது. காய்ஞ்ச மண், நனைஞ்ச மண் ரெண்டுலயும் வச்சு கேலிபிரேட் பண்ணோம். ரெண்டாவது ரிவ்யூல அரிச்சுப்போன பழைய ப்ரோப்பையும் மேஜையில வச்சோம். அந்த சார் அதைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேலிபிரேஷன் கர்வ் எங்க?"ன்னு அடுத்த குறையைச் சொன்னார். இந்தத் தடவை எனக்கு அது கேட்டுச்சு.

ஜூனியர்ஸ், உங்க ரிவ்யூவுக்கு ஒரே ஒரு ஏற்பாடு பண்ணிக்கோங்க. டீம்ல ஒருத்தர் வாயே திறக்காம, பேனல் சொல்ற ஒவ்வொரு வரியையும் அப்படியே நோட்ல எழுதட்டும். அந்த நோட்டை அன்னிக்கு ராத்திரி திறக்காதீங்க. மறுநாள் காலையில, சாப்பிட்டுட்டு, மூணு பேரும் உட்கார்ந்து படிங்க.