‘பாசிட்டிவ்’ என்றால் நல்லதா, கெட்டதா?

மருத்துவமனையில் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் நோயாளரையும் குடும்பத்தாரையும் மிகுதியாகக் குழப்புவது ‘பாசிட்டிவ்’ என்னும் சொல்லே. ஆய்வுக்கூட அறிக்கையைக் கையில் வாங்கியவுடன் பலர் முதலில் தேடுவதும் அதைத்தான். ‘பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறது, நல்ல செய்திதானே?’ என்று மகிழ்ச்சியோடு வருவோர் உண்டு. அதே சொல்லைக் கண்டு, மருத்துவரைப் பார்க்கும் முன்பே மனமுடைந்து வருவோரும் உண்டு. இவ்விரு தரப்பிலும் தவறாகப் புரிந்துகொண்டவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். தவறான புரிதலால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும், தேவையற்ற அச்சத்தில் உறக்கம் இழப்போரும் இருப்பதால், இச்சொல்லைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

ஒரு சொல், பல பொருள்

இலத்தீன் மொழியில் ‘வைத்தல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல் இது. ஆங்கிலத்தில் முதலில் ‘முறையாக விதிக்கப்பட்டது’ என்றும், பின்னர் ‘ஐயத்துக்கு இடமின்றி உறுதியானது’ என்றும் பொருள் தந்தது. கணிதத்தில் சுழியைவிடப் பெரிய எண்ணைக் குறிக்கிறது. 1747ஆம் ஆண்டளவில் பெஞ்சமின் பிராங்கிளின் மின்சாரத்தை விளக்க இதனைப் பயன்படுத்தினார். நம்பிக்கையான மனநிலை என்னும் பொருள் பரவுவதற்கு, 1952இல் அமெரிக்காவில் நார்மன் வின்சென்ட் பீல் எழுதிய ‘தி பவர் ஆஃப் பாசிட்டிவ் திங்கிங்’ போன்ற நூல்கள் பெரிதும் துணைசெய்தன. அன்றாடப் பேச்சில் நமக்குப் பழகியது இந்தப் பொருள்தான். குழப்பமும் இங்கிருந்தே தொடங்குகிறது.

ஆய்வுக்கூடத்தில் இச்சொல்லுக்கு உரிய பொருளைத் தமிழ் இலக்கணம் எளிதாக விளக்கிவிடும். ‘வந்தான்’ என்பது உடன்பாடு. ‘வாரான்’ என்பது எதிர்மறை. முன்னது நல்லது, பின்னது தீயது என்று எவரும் கொள்வதில்லை. அறிக்கையில் உள்ள ‘பாசிட்டிவ்’ என்பதை ‘உண்டு’ என்றும், ‘நெகட்டிவ்’ என்பதை ‘இல்லை’ என்றும் படித்துப் பாருங்கள். உடனே ‘எது உண்டு? எது இல்லை?’ என்னும் கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பின்னரே நன்மை தீமையைப் பற்றிப் பேச இயலும்.

இரத்தப் பிரிவில்

‘ஓ பாசிட்டிவ்’, ‘பி நெகட்டிவ்’ என்று எழுதும்போது, சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ‘டி’ என்னும் ஒரு புரதம் உண்டா இல்லையா என்பதையே குறிக்கிறோம். நம் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அது உண்டு. இல்லாதிருப்பது நோயன்று, குறைபாடும் அன்று. திருமணப் பேச்சின்போது பெண்ணின் இரத்தம் நெகட்டிவ் என்று அறிந்து தயங்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அந்தத் தயக்கத்துக்கு அடிப்படை இல்லை. தாய் நெகட்டிவாகவும் தந்தை பாசிட்டிவாகவும் இருந்தால், கருவுற்ற தொடக்கத்திலேயே மகப்பேறு மருத்துவரிடம் தெரிவிப்பது போதும். ஏறத்தாழ 28ஆம் வாரத்திலும், பிறந்த குழந்தை பாசிட்டிவாக இருப்பின் 72 மணி நேரத்துக்குள்ளும் ‘ஆன்டி டி’ ஊசி போடப்படும். அடுத்து வரும் கருவுக்கு நேரக்கூடிய தீங்கை இந்த ஊசி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. கருச்சிதைவுக்குப் பின்னும் இந்த ஊசி தேவைப்படலாம் என்பதை மறவாதீர்கள்.

ஒரே தாளில் இரண்டு ‘பாசிட்டிவ்’

பி வகைக் கல்லீரல் அழற்சிக்கான சோதனை இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ‘எச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ்’ என்றால் கிருமியின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் உண்டு. அதாவது தொற்று இருக்கிறது. 6 மாதங்களுக்கு மேலும் அது நீடித்தால் நாட்பட்ட தொற்று எனக் கொள்கிறோம். அத்தகையோர் அனைவருக்கும் உடனே மாத்திரை தேவைப்படுவதில்லை; கிருமியின் அளவையும் கல்லீரலின் நிலையையும் பார்த்தே முடிவு செய்யப்படும். ஆயினும் தொடர்ந்த கண்காணிப்பும், குடும்பத்தாருக்குச் சோதனையும் தடுப்பூசியும் கட்டாயம் தேவை. சேர்ந்து உண்பதாலோ அணைத்துக்கொள்வதாலோ இந்தத் தொற்று பரவாது.

அதே தாளில் ‘ஆன்டி எச்.பி.எஸ் பாசிட்டிவ்’ என்று மட்டும் இருந்தால் பொருள் முற்றிலும் வேறு. கிருமியை எதிர்க்கும் ஆற்றல் உடலில் உண்டு என்பது அதன் பொருள். தடுப்பூசியாலோ, முன்பு வந்து நீங்கிய தொற்றாலோ அது உண்டாகியிருக்கலாம். இரு வரிகளிலும் உள்ள சொல் ஒன்றே. ஒன்று தொடர் கவனிப்பைக் கோருகிறது. மற்றொன்று பாதுகாப்பைத் தெரிவிக்கிறது.

காய்ச்சலும் காசநோயும்

டெங்கு சோதனையில் ‘என்.எஸ்.1’ பாசிட்டிவ் என்றால் தொற்று இப்போது உள்ளது. ஆனால் காய்ச்சலின் முதல் சில நாட்களுக்குப் பின் இச்சோதனை நெகட்டிவாக மாறிவிடக்கூடும். அதனால் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. டைபாய்டுக்குச் செய்யப்படும் ‘வைடால்’ சோதனை, பழைய தொற்றாலும் பாசிட்டிவாகலாம். காசநோய்க்கான தோல் சோதனை பாசிட்டிவானால், அக்கிருமி எப்போதோ உடலுக்குள் புகுந்திருக்கலாம் என்பதை அறிகிறோம். அதனை மட்டும் வைத்து நோய் முற்றியிருக்கிறது என்று முடிவு செய்வதில்லை.

நெஞ்சுவலியோடு வருவோர் குறித்து ஓர் எச்சரிக்கை. மாரடைப்பைக் கண்டறியும் ‘ட்ரோபோனின்’ சோதனை, வலி தொடங்கிய முதல் மணி நேரங்களில் நெகட்டிவாக இருக்கக்கூடும். ஆதலால்தான் சில மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கிறோம். ‘நெகட்டிவ் வந்துவிட்டதே’ என்று எண்ணி, இரண்டாம் சோதனைக்குக் காத்திராமல் வீடு திரும்புவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

புற்றுநோய் அறிக்கையில்

திசுச் சோதனை பாசிட்டிவ் என்றால் புற்றணுக்கள் உண்டு என்று பொருள். அறுவைக்குப் பின் ‘மார்ஜின் பாசிட்டிவ்’ என்று வந்தால், அகற்றிய திசுவின் விளிம்புவரை அவை காணப்பட்டன என்று பொருள். மேலும் சிகிச்சை தேவைப்படலாம். மார்பகப் புற்றுநோய் அறிக்கையிலோ, இதே சொல் நம்பிக்கை தரும் இடங்களும் உண்டு. ‘ஈ.ஆர் பாசிட்டிவ்’ என்றால், அப்புற்றணுக்கள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் தன்மை உடையவை. டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகள் அவற்றுக்குப் பயன்படும். அம்மாத்திரைகளை 5 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ உட்கொள்ள வேண்டியிருக்கும். ‘ஹெர் 2 பாசிட்டிவ்’ என்பது முன்பு விரைவாகப் பரவும் வகையின் அடையாளமாக அஞ்சப்பட்டது. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் மருந்துக்குப் பின், அதே அடையாளம் மருந்துக்கு இலக்காகவும் ஆயிற்று.

‘டிரிபிள் நெகட்டிவ்’ என்று படித்து, மூன்றுமே இல்லையென்று நிம்மதி கொள்வோரும் உளர். மேற்கூறிய மருந்துகள் பற்றிக்கொள்ளும் மூன்று இலக்குகளும் அங்கே இல்லை என்பதே அதன் பொருள். அதற்கும் மருந்துகள் உள்ளன. ஆனால் சிகிச்சையின் பாதை வேறு. ஆகவே இத்தகைய அறிக்கைகளை வீட்டிலேயே படித்து முடிவுக்கு வராதீர்கள்.

சோதனையும் தவறக்கூடும்

எந்தச் சோதனையும் முழுமையானதன்று. நோய் இல்லாதவருக்குப் பாசிட்டிவாகவும், இருப்பவருக்கு நெகட்டிவாகவும் முடிவு வரலாம். எச்.ஐ.வி. முடிவை ஒரே சோதனையால் உறுதி செய்யாததற்கு இதுவே காரணம். அத்தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புரதங்களால் 18 மாதம்வரை சாதாரணச் சோதனை பாசிட்டிவாக இருக்கலாம். கிருமியையே நேரடியாகத் தேடும் சோதனைதான் அக்குழந்தைக்கு உண்மை நிலையைச் சொல்லும்.

மனிதருக்குப் பெயராகும்போது

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வால் எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பின் ‘பாசிட்டிவ்’ என்னும் சொல் சோதனைத்தாளை விட்டு வெளியேறி, மனிதர்மேல் ஒட்டப்படும் முத்திரையாயிற்று. ‘அவர் பாசிட்டிவாம்’ என்னும் தாழ்ந்த குரலில் வேலை இழந்தோரும் வீடு இழந்தோரும் பலர். இன்றைய நிலை வேறு. முறையாக மருந்து உட்கொண்டு, கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகத் தொற்று பரவுவதில்லை. தொற்றுள்ளவரைப் பாகுபடுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சோதனைதான் பாசிட்டிவ், மனிதரை அவருடைய பெயர் சொல்லியே அழைப்போம்.

‘பாசிட்டிவாக இருங்கள்’

படுக்கையருகே அன்போடு சொல்லப்படும் இந்த அறிவுரையைப் பற்றியும் கூற வேண்டும். நம்பிக்கை நல்லது, சிகிச்சையைத் தொடர்வதற்கு அது துணையாகும். ஆனால் இதனைத் திரும்பத் திரும்பக் கேட்கும் நோயாளர், தம் அச்சத்தையும் வலியையும் வெளியில் சொல்லத் தயங்குகிறார். குடும்பத்தார் வருந்துவார்கள் என்று அவர் மறைத்த காய்ச்சலும், வாய்ப்புண்ணும், உறக்கமின்மையும் எங்களுக்குத் தாமதமாகவே தெரியவருகின்றன. புற்றுநோய் மருந்து ஏற்றிய நாட்களில் மறைக்கப்படும் காய்ச்சல் மிகவும் ஆபத்தானது. நோய் மீண்டும் வந்தால், ‘நான் சரியாக நினைக்கவில்லையோ’ என்று தம்மையே நொந்துகொள்வோரும் உளர். நோய் திரும்புவது எவருடைய எண்ணத்தின் குற்றமும் அன்று. ‘தைரியமாக இருங்கள்’ என்று சொல்லும் முன், ‘இன்று எப்படி இருக்கிறது? எது தொந்தரவு செய்கிறது?’ என்று கேளுங்கள். அழ விரும்பினால் அழ விடுங்கள்.

அறிக்கை கையில் வந்தால்

கீழ்க்காணும் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள்:

1. இந்தச் சோதனையில் எதைத் தேடினீர்கள்?
2. அது இருப்பது நல்லதா, கவலைக்குரியதா?
3. இது இப்போதைய நோயைக் காட்டுகிறதா, பழைய தொற்றையா, எதிர்ப்பாற்றலையா?
4. முடிவு தவறாக இருக்க வாய்ப்பு உண்டா? மீண்டும் சோதிக்க வேண்டுமா?
5. இதனால் சிகிச்சையில் என்ன மாற்றம் வரும்?
6. குடும்பத்தில் வேறு எவரேனும் சோதித்துக்கொள்ள வேண்டுமா?

இக்கேள்விகளைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. மருத்துவர் விரைவாகப் பேசிச் சென்றுவிட்டால், ‘எது உண்டு என்று சொல்கிறீர்கள்?’ என்று மீண்டும் கேளுங்கள். உங்களுக்கு விளங்கும் தமிழில் அதற்கு விடை சொல்வது எங்கள் கடமை.