தோட்டாவும் தோட்டாவறையும்

பேச்சு வழக்கில் ‘துப்பாக்கிக் குண்டு’ என்னும் தொடர் வெவ்வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. குழலினின்று பறந்து செல்வது குண்டு. அக்குண்டு, வெடிமருந்து, அதனைப் பற்றவைக்கும் சிறு வெடிப்பி ஆகியவற்றைப் பித்தளைக் கூட்டினுள் ஒருங்கே அடக்கியது தோட்டா. அத்தோட்டா சென்று அமரும், குழலின் பின்முனைப் பகுதியே தோட்டாவறை. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. பேராக் மாநிலத்தின் வரலாற்றில் ஒரு பகுதியை விளக்கவும் வல்லது.

சுங்காய்க்குத் தெற்கே துரோலாக், சிலிம் ரிவர் ஆகிய ஊர்கள் உள்ளன. 1942 சனவரி 7ஆம் நாள் அங்கு நடந்த போரில் பிரிட்டிஷ் இந்தியப் படை சிதறியது. வீரர்கள் விட்டுச் சென்ற துப்பாக்கிகளை எதிர்ப்புப் படையினர் காடுகளிலிருந்து சேகரித்தனர். நேச நாட்டு வானூர்திகள் 1945இல் மேலும் படைக்கலங்களை இறக்கின. இவற்றோடு ஜப்பானியரின் துப்பாக்கிகளும் சேர்ந்தன. ஆகவே, ஒரே காட்டில் பலவகைத் தோட்டாக்கள் புழங்கின.

அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. பிரிட்டிஷாரின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியது .303 தோட்டா. ஜப்பானியரின் 1905ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கி 6.5 மில்லிமீட்டர்த் தோட்டாவையும், 1939ஆம் ஆண்டு வகை 7.7 மில்லிமீட்டர்த் தோட்டாவையும் ஏற்றன. 0.303 அங்குலத்தை மாற்றிக் கணக்கிட்டால் ஏறக்குறைய 7.7 மில்லிமீட்டர் வரும். அவ்வாறாயின், ஒன்றன் தோட்டாவை மற்றொன்றில் இட்டுச் சுடலாமோ எனின், இயலாது என்பதே விடை.

எண் குறிப்பது குழலின் உள்விட்டத்தையே. தோட்டாவறையின் வடிவத்தை அன்று. .303 தோட்டாவின் கூடு 56 மில்லிமீட்டர் நீளமுடையது. அடியில் புடைத்த விளிம்புண்டு. அவ்விளிம்பே தோட்டா அறைக்குள் எவ்வளவு செல்லவேண்டும் என்பதை வரையறுக்கும். ஜப்பானியத் தரைப்படையின் 7.7 தோட்டாக் கூடோ 58 மில்லிமீட்டர், அடிப்பகுதி சற்றுப் பருமன், புடைத்த விளிம்பில்லை, கூட்டின் தோளே அதனை நிறுத்தும். இதில் வியப்பு யாதெனில், ஜப்பானியக் கடற்படை தன் இயந்திரத் துப்பாக்கி சிலவற்றிற்குப் பிரிட்டிஷ் .303 அளவையே மேற்கொண்டது. ஒரே நாட்டின் இரு படைகள் ‘7.7’ என்று ஒரே எண்ணைக் கூறியும், தோட்டாக்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகவில்லை.

அறைக்கும் தோட்டாவுக்கும் இடையே பொருத்தம் தவறினால் பூட்டு மூடாது போகலாம். மூடியும் பொருந்தாதிருப்பின் கேடு பெரிது. கூடு பிளந்து, கொதிக்கும் வளி சுடுபவன் முகத்தை நோக்கிப் பின்னே பாயும்.

1948 சூனில் அவசரகாலம் தொடங்கியபோது காவலர் கையிலும் கிளர்ச்சியாளர் கையிலும் .303 துப்பாக்கிகள் இருந்தன. காவலரிடமிருந்து பறித்த தோட்டா எதிர்த்தரப்புக்கும் உடனே பயன்பட்டது. காட்டுப் போருக்கென 1944இல் அமைந்த ‘ஜங்கிள் கார்பைன்’ துப்பாக்கியும் அதே தோட்டாவையே ஏற்றது. அதன் எடை ஏறக்குறைய 3.2 கிலோகிராம். தோட்டா குறையாமல் துப்பாக்கி மட்டும் இலேசானதால் தோளில் அடி மிகுந்தது. அறையை மாற்றாமல் எடையைக் குறைத்ததன் விளைவு இது.

இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி வேறொரு வழி கண்டது. காவலர்க்கான சில லீ-என்ஃபீல்டுகளின் குழலையும் அறையையும் இசாப்பூர் தொழிற்சாலையில் .410 அளவுக்கு மாற்றி, ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடுமாறு செய்தனர். பறிபோனாலும் அவற்றில் படையின் .303 தோட்டாவைப் பயன்படுத்த இயலாது என்பதே நோக்கம். விடுதலைக்குப் பின், 1960களில், அதே தொழிற்சாலை 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்குரிய துப்பாக்கியைச் செய்தது. அத்தோட்டாவின் மிகுந்த அழுத்தத்தைத் தாங்க எஃகையும் உறுதியாக்க வேண்டியிருந்தது. அறையைக் குடைந்து மாற்றுவது மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

ஆகவே, தோட்டாவறை வெறும் துளையன்று. எதை ஏற்பது, எதை மறுப்பது என வரையறுக்கும் பூட்டு. தோட்டங்களின் மண்ணில் பழைய தோட்டா தென்படின், பித்தளைதானே என மாணவர் எடுத்துத் தட்டிப் பார்த்தல் ஆகாது. மண்ணுள் பல்லாண்டு கிடந்ததும் வெடிக்கக்கூடும்; உரிமமின்றி வைத்திருத்தலோ மலேசியச் சட்டப்படி குற்றம். தொடாது விலகிக் காவல்துறைக்கு அறிவித்தலே முறை. வகுப்பறையில் குண்டு வேறு, தோட்டா வேறு என்று கற்பிக்கும்போதே, வெற்றுக்கூடு வேறு, வெடிக்காத தோட்டா வேறு என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் நலம்.