பிக்கப்பின் பின்னால் டிரெய்லர்: இழுப்பதைவிட நிறுத்துவதே கடினம்

எர்ணாகுளம்: மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகு, இஞ்சி மூட்டைகளை ஏற்றி இறக்கும் சிறிய பிக்கப் வாகனங்களுக்கு அந்தக் குறுகிய தெருக்கள் பழக்கமானவை. அதே வாகனத்தின் பின்னால் ஃபைபர் படகையோ ஜெனரேட்டரையோ சுமந்த டிரெய்லரை இணைத்துவிட்டால், ஓட்டுநர் அறிந்த வாகனம் வேறொன்றாகிவிடுகிறது. டீசல் இன்ஜின் எப்படியும் இழுத்துவிடும். பிரேக் தாங்குமா என்பதே கேள்வி.

பொதுவான நடைமுறையின்படி, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இணைப்புக் கொக்கியின் மீது அழுந்த வேண்டும். 1,000 கிலோ டிரெய்லர் என்றால் 100 முதல் 150 கிலோ. பலரும் மறந்துவிடுவது, இந்த எடையும் பிக்கப்பின் சுமைத்திறனிலிருந்தே கழிக்கப்பட வேண்டும் என்பதைத்தான். கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அழுத்தம் அளவு மீறினால் முன் சக்கரங்கள் தரையின் மீதான பிடிப்பை இழக்கின்றன, ஸ்டீயரிங் இலேசாகிறது.

அழுத்தம் குறைந்தாலோ ஆபத்து இன்னும் பெரிது. பின்பாரம் கூடிய டிரெய்லர், வேகம் ஏற ஏறப் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். வெளிப்புற இன்ஜின் பின்புறம் தொங்கும் மீன்பிடிப் படகுகளில் இது எளிதில் நேரக்கூடியது. ஆட்டம் தொடங்கியதும் பிரேக்கை அழுத்துவதும் ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் வெட்டுவதும் மனித இயல்பு. இரண்டுமே வண்டியை மடங்கச் செய்து கவிழ்க்கக்கூடும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதே சரியான முறை. டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால், அதை மட்டும் மெதுவாக இயக்கலாம்.

இணைப்பிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் 47.6, 50.8, 58.7 மில்லிமீட்டர் அளவுகளிலும், ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டரிலும் இணைப்புப் பந்துகள் பயன்படுகின்றன. சிறிய பந்தின் மீது பெரிய கிண்ணம் பூட்டிக்கொண்டது போலவே தோன்றும். முதல் பெரிய பள்ளத்தில் கழன்றுவிடும். இதற்காகவே இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் கொக்கிக்கு அடியில் குறுக்காகக் கட்டப்படுகின்றன. இணைப்பு கழன்றாலும் டிரெய்லரின் முன்முனை சாலையில் குத்தாமல் அவை தொட்டில் போலத் தாங்கிக்கொள்ளும்.

கொச்சியிலிருந்து தொண்டி செல்லும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அடிமாலி, மூணாறு வழியாக மலையேறி, போடிமெட்டைக் கடந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் போடிநாயக்கனூர் பக்கம் இறங்குகிறது. தனி பிரேக் இல்லாத டிரெய்லர் அந்த இறக்கத்தில் பிக்கப்பைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்த கியரில் ஏற நேரிடுமோ அந்த கியரிலேயே இறங்குவது பழைய லாரி ஓட்டுநர்களின் வழக்கம். அது இங்கும் பொருந்தும். மழைக்காலத்தில் முன் வாகனத்துடனான இடைவெளியை இன்னும் கூட்ட வேண்டியிருக்கும்.

சட்டமும் தெளிவானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆவது பிரிவின்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு தேவை. இழுக்கும் வாகனத்தின் பதிவெண்ணும் டிரெய்லரில் காட்டப்பட வேண்டும். உற்பத்தியாளரின் வடிவமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை 52-ஆவது பிரிவு தடை செய்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே பட்டறையில் விருப்பம்போல் கொக்கியைப் பற்றவைத்துக்கொள்வது வெறும் பாதுகாப்புப் பிரச்சினை மட்டுமல்ல. அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

இலகுரக வாகன உரிமம் பெற்றவர்கள் 7,500 கிலோ வரையிலான போக்குவரத்து வாகனங்களை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அது உரிமம் பற்றியது. எவ்வளவு இழுக்கலாம் என்பதை வாகனத் தயாரிப்பாளரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

கடற்கரை ஊர்களுக்கு மற்றொரு செய்தியும் உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரங்களுடன் டிரெய்லரை உடனே கடல்நீரில் இறக்கினால், சக்கர மையத்தில் உள்ள காற்று குளிர்ந்து சுருங்கி உப்புநீரை பேரிங்குக்குள் இழுத்துக்கொள்ளும். துரு வெளியே தெரியாது. படகை இறக்குவதற்கு முன் சக்கரங்களை ஆறவிட்டு, திரும்பியதும் நன்னீரில் கழுவி கிரீஸ் இடுவது அவசியம்.