கோவில்பட்டி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை

கோவில்பட்டி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை என்பது தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டி நகரில் அமைந்துள்ள அரசுப் பொது மருத்துவமனை ஆகும். இது தமிழக அரசின் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ் இயங்குகிறது. மாவட்டத்தின் தலைநகரம் தூத்துக்குடியாக இருப்பினும், மாவட்டத் தலைமை மருத்துவமனை என்னும் தகுதி கோவில்பட்டி மருத்துவமனைக்கே உரியது. மானாவாரி வேளாண்மையையும் தீப்பெட்டித் தொழிலையும் நம்பி வாழும் கரிசல் வட்டாரத்துக்கு, சிறப்பு மருத்துவர்களைக் கொண்ட அருகிலுள்ள அரசு மருத்துவமனை இதுவே.

அமைவிடம்

கோவில்பட்டி, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி (பழைய எண் 7) அமைந்துள்ளது. இங்கிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 55 கி.மீ., தூத்துக்குடி ஏறத்தாழ 60 கி.மீ., மதுரை ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இம்மூன்று நகரங்களிலும் உள்ளன. எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு ஆகிய வட்டங்களின் சிற்றூர்களில் இருந்து அந்நகரங்களை அடைய நேரம் ஆகும். எனவே அவசர நோயாளிக்கு முதற்கட்டச் சிகிச்சை இடைவழியிலேயே கிடைப்பது இன்றியமையாதது.

தலைமை மருத்துவமனைத் தகுதி

தூத்துக்குடி மாவட்டம், திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து அக்டோபர் 20, 1986 அன்று பிரிக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, அந்நகரின் அரசு மருத்துவமனை கல்லூரியுடன் இணைந்த கற்பிக்கும் மருத்துவமனையாக மாறியது. இத்தகைய மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கட்டுப்பாட்டில் வருவன. இவ்வாறு மாறும்போது மாவட்டத்தின் வேறொரு நகர மருத்துவமனை தலைமை மருத்துவமனையாகத் தரம் உயர்த்தப்படுவது தமிழகத்தில் வழக்கம். மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, தஞ்சாவூர் மாவட்டத்தில் கும்பகோணம், சேலம் மாவட்டத்தில் மேட்டூர், தேனி மாவட்டத்தில் பெரியகுளம், கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் ஆகியவை இதற்குப் பிற எடுத்துக்காட்டுகள்.

இம்முறையால் ஒரு மாவட்டத்தின் சிறப்பு மருத்துவ வசதிகள் ஒரே நகரில் குவிவது ஓரளவு தவிர்க்கப்படுகிறது. கோவில்பட்டியைப் பொறுத்தவரை, கடற்கரை நகரமான தூத்துக்குடியில் ஒரு பெரிய மருத்துவமனையும், உட்பகுதியான கரிசல் நிலத்தில் மற்றொன்றும் அமைந்தன.

பொதுச் சுகாதார அடுக்குகள்

இந்தியாவின் ஊரக மருத்துவ அமைப்பு, சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946 இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டது. சமவெளிப் பகுதிகளில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 மக்களுக்கு ஒரு சமுதாய நல மையம் என்பது பின்னர் வகுக்கப்பட்ட அளவுகோல் ஆகும். தமிழகத்தில் இந்நிலையங்களைப் பொதுச் சுகாதாரத் துறை நடத்துகிறது. வட்ட மருத்துவமனைகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் இவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ளன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மேல்நிலை ஆகும்.

காய்ச்சல், தடுப்பூசி, கருவுற்ற பெண்களுக்கான பரிசோதனை, இயல்பான மகப்பேறு ஆகியவை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கவனிக்கப்படுகின்றன. அறுவைச் சிகிச்சை, குருதி ஏற்றம், தீவிர சிகிச்சை ஆகியவை தேவைப்படுவோர் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். 2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கப்பட்ட 108 அவசர ஊர்திச் சேவை இந்த அடுக்குகளை இணைக்கிறது.

கரிசல் வட்டாரத்தின் மருத்துவத் தேவைகள்

பாம்புக்கடி

காட்டு வேலை செய்வோர், விறகு வெட்டுவோர், சீமைக் கருவேலத்தில் கரி சுடுவோர் ஆகியோர் பாம்புக்கடிக்கு உள்ளாகும் வாய்ப்பு மிகுதி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பயன்படும் ஒரே கூட்டு நச்சுமுறி மருந்து இந்தியாவில் தயாரிக்கப்படுகிறது. இதற்கான நஞ்சைப் பெருமளவில் வழங்குவது, 1978 இல் தொடங்கப்பட்டு, மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆகும்.

விரியன் வகைகளின் நஞ்சு குருதி உறைதலைக் கெடுக்கிறது. இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நோயாளியின் குருதியில் சிறிதளவைத் தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பர். குருதி உறையாமல் ஓடினால் நச்சுமுறி மருந்து செலுத்தப்படும். கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகம் பழுதடையலாம். அந்நிலையில் குருதித் தூய்மிப்பு தேவைப்படும். கட்டுவிரியன் நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்வதால் செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படும். ஆகவே மருந்து மட்டும் இருந்தால் போதாது. கடிபட்ட இடத்தைக் கீறுதல், இறுகக் கட்டுதல், நாட்டு வைத்தியரிடம் காலம் கடத்துதல் ஆகியவை தீங்கு விளைவிப்பவை. உலக சுகாதார நிறுவனம் 2017 இல் பாம்புக்கடி நஞ்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

மகப்பேறு

சிக்கலான மகப்பேற்றில் தாயைக் காக்க மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், குருதி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையெனினும் அறுவைச் சிகிச்சை செய்ய இயலாது. இதற்காகத் தமிழகத்தின் தலைமை மருத்துவமனைகளில் 24 மணி நேரமும் இயங்கும் ஒருங்கிணைந்த அவசரகாலத் தாய்-சேய் நல மையங்கள் ஏற்படுத்தப்பட்டன. மக்கள் வழக்கில் இவை சீமாங் மையங்கள் எனப்படுகின்றன. 2018-20 காலப்பகுதியில் ஒரு லட்சம் உயிருடன் பிறந்த குழந்தைகளுக்கு நிகழ்ந்த தாய் இறப்புகள் தமிழகத்தில் 54 ஆகவும், இந்திய அளவில் 97 ஆகவும் இருந்தன.

தீக்காயமும் நச்சும்

கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர் ஆகிய நகரங்களைச் சுற்றித் தீப்பெட்டி ஆலைகள் உள்ளன. சிவகாசி வட்டாரம் பட்டாசுத் தொழிலுக்கும் பெயர்பெற்றது. வேதிப்பொருள்களைக் கையாளும் இத்தொழில்களில் தீ விபத்து நேரும் ஆபத்து எப்போதும் உண்டு. பருத்தி முதலிய பயிர்களுக்குத் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி உடலில் சேர்வதால் ஏற்படும் நச்சுப் பாதிப்பும் வேளாண் பகுதிகளில் காணப்படுவதாகும்.

மருந்தும் செலவும்

அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவம் இலவசமாக அளிக்கப்படுகிறது. மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக வழங்குகிறது. 1994 இல் நிறுவப்பட்ட இக்கழகத்தின் முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டிலேயே வழங்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. நெடுஞ்சாலையை ஒட்டிய கோவில்பட்டி போன்ற ஊர்களுக்கு இத்திட்டம் முதன்மையானது.

சிறப்பு மருத்துவர்கள்

கட்டடமும் கருவிகளும் இருந்தாலும், ஊரகப் பகுதிகளில் சிறப்பு மருத்துவர்களைப் பணியில் நிலைபெறச் செய்வது இந்தியா முழுவதும் கடினமாக உள்ளது. தமிழகம் இதற்குக் கண்ட வழி, அரசு மருத்துவர்களுக்கு முதுநிலை மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு அளிப்பதாகும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றுவோர் இவ்வொதுக்கீட்டின் வழியே சிறப்புப் படிப்பை முடித்து, மீண்டும் அரசு மருத்துவமனைகளுக்குத் திரும்புகின்றனர். இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஆகஸ்ட் 31, 2020 அன்று தீர்ப்பளித்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் இரவு நேரத்தில் அவசர அறுவைச் சிகிச்சை நடைபெறுவதும், நோயாளி அடுத்த நகரத்துக்கு அனுப்பப்படுவதும் பெரும்பாலும் இம்மருத்துவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைகின்றன.