உப்புக் காற்றும் மோட்டார் வண்டியின் மெருகும்

கற்பிட்டிக் கரையில் ஓரிரவு நிறுத்திவைத்த மோட்டார் வண்டியின் பொனற்றை விடியற்காலையில் ஒரு விரலால் தடவி, அவ்விரலை நாவில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும். பாலாவி உப்பளத்திலே பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, வெயிலுக்காகக் காத்திருந்து பெறும் பொருளைக் காற்றானது யாரும் கேளாமலே நம் வண்டியின் மீது தூவிவிட்டுப் போயிருக்கிறது. புத்தளம் வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் அந்த மணற்றீபகற்பத்தில் வண்டி வைத்திருப்போருக்கு இது புதுமையன்று. ஆயினும், அந்த உப்பு வண்டிக்கு என்ன செய்கிறது, அதற்கு மெழுகுப் பூச்சு எந்த அளவுக்குக் காவலாகும் என்பவற்றை நன்கறிந்தோர் சிலரே.

தென்மேற்குப் பருவக்காற்று காலி, களுத்துறைப் பக்கங்களில் மழையோடு வருகிறது. அங்கே காற்று கொண்டுவரும் உப்பை மழையே கழுவிவிடும். புத்தளம் கரையிலோ மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை காற்று ஓயாது வீசும். மழை மட்டும் அருமை. பட்டத்தின் துணையோடு அலைமேற் செல்லும் விளையாட்டுக்கெனப் பிறநாட்டார் கற்பிட்டியைத் தேடி வருவதும், இக்கரை நெடுகக் காற்றாலைகள் நிற்பதும் இக்காற்றை நம்பியே. எனவே, படிந்த உப்பு படிந்தபடியே கிடக்கிறது. அதன்மேல் மறுநாள் உப்பும் மணலும் சேர்கின்றன.

பகலில் அந்த உப்பு வெறும் தூள், பெருந்தீங்கு செய்யாது. இரவில்தான் அது விழித்தெழுகிறது. காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதியளவு ஈரமும் வேண்டியதில்லை. நூற்றில் மூன்றிலொரு பங்கே போதும். அடுக்களையில் உப்புச் சாடி கசிவதைக் காணும் இல்லத்தரசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு கரைந்த நீர் மின்னை எளிதிற் கடத்துவதால், அவ்வேலை பன்மடங்கு விரைவாக நடைபெறுகிறது. வர்ணத்தில் ஒரு சிறு கீறல் இருந்தால் அதுவே வாயில்.

பழைய வண்டி கெட்டால் புதியதொன்றை வாங்கலாமே என்பார்க்கு அண்மைக்காலம் தக்க விடையளித்துவிட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. குடும்பங்களுக்கான கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், நாட்டிலிருந்த வண்டிகளே கைமாறின. இருபது வயதுக் காருக்கும் எதிர்பாராத விலை கிடைத்தது. வெளிறிய கார் ஒன்றும் மெருகு குன்றாத கார் ஒன்றும் ஒரே ஆண்டில் பிறந்தவையாயினும் ஒரே விலைக்குப் போகவில்லை. ஒரு குடும்பத்தின் சேமிப்பில் பெரும்பகுதி முற்றத்திலே நான்கு சக்கரத்தின்மேல் நிற்கையில், அதன் தோலைப் பேணுவதை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட இயலுமா?

அந்தத் தோல் எத்தகையது என்பதை முதலில் அறிய வேண்டும். மோட்டார் வண்டி தோன்றிய தொடக்கத்தில் எண்ணெய் வார்னிஷைத் தூரிகையாற் பல முறை பூசி, வாரக்கணக்கில் உலரவிட்டார்கள். 1920களில் டூப்பொன்ட் கம்பனியின் 'டூக்கோ' என்னும் விரைந்துலரும் வர்ணம் வந்தபின் அவ்வேலை சில மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. இன்றும் நம் கராஜ்களிலே 'டூக்கோ' என்ற பேச்சு வழங்குவது அதனாலேதான். அக்காலத்து மொரிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. அது வெயிலில் வெளிறிச் சுண்ணாம்பு போல் உதிரும். தேய்த்தால் அடியிலுள்ள நல்ல நிறம் மீண்டும் தோன்றும். 1980களுக்குப் பின் வந்த பெரும்பாலான கார்களிலோ நிறப்பூச்சின்மேல் கண்ணாடி போன்ற தெளிபூச்சு ஒன்று உண்டு. அதன் தடிப்பு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன்; தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. இதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் மறுபடி வர்ணம் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் வண்டி எவ்வகையினது என்று தெரியாவிடின், கண்ணுக்குப் படாத ஓர் மூலையில் வெள்ளைத் துணியிற் சிறிது பொலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் பழைய வகை. ஏறாவிடின் தெளிபூச்சு வகை.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். கடைக்காரர் பலர் பொலிஷையும் மெழுகையும் ஒன்றாகவே பேசுவர். பொலிஷ் என்பது நுண்ணிய தேய்ப்புத்தூள் கலந்தது. வர்ணத்தின் மேற்புறத்தை இம்மியளவு சீவிச் சமப்படுத்துவது. மெழுகு எதையும் சீவாது. மேலே போர்வையாகக் கிடப்பது. பொலிஷ் ஆண்டுக்கொரு முறைகூட வேண்டாதிருக்கலாம். மெழுகு அடிக்கடி வேண்டும். தகரத்தின்மேல் 'தேய்த்து மெருகூட்டும்' என்று எழுதியிருப்பதை மாதந்தோறும் பூசுவோர், காவல் செய்வதாக எண்ணிக்கொண்டு வர்ணத்தைக் கரைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

மெழுகுகளில் தலையாயது கார்ணோபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கிலே, நீண்ட வறட்சிக்கும் சுடுவெயிலுக்கும் பேர்பெற்ற பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து அது கிடைக்கிறது. தன் ஈரத்தை வெயில் குடித்துவிடாதபடி அம்மரம் தன் ஓலையின்மேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் மெழுகு தூளாக உதிரும். நம் சேம்பிலையில் நீர் ஒட்டாமல் முத்துப்போல் உருள்வதற்கும் இலைமேலுள்ள மெழுகே காரணம். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகிவிடும். கார்ணோபா 82 பாகையைத் தாண்டியே உருகும். நண்பகலில் வெட்டவெளியில் நிற்கும் கருநிறக் காரின் தகடு 70 பாகையை நெருங்குவதுண்டு. புத்தளத்து வெயிலுக்கு எது ஏற்றதென்பதை இவ்வெண்களே சொல்லும்.

(கடைகளில் 'ரேட்டில் வக்ஸ்' என்று ஒன்று கிடைக்கும். கற்பிட்டிக் கடலில் ஆமைகள் உண்டாகையால், அவற்றுக்கும் இதற்கும் தொடர்புண்டோ என்று சிறுவர் கேட்பர். இல்லை. 1940களில் சிக்காகோவில் இதைத் தொடங்கிய பென் ஹேர்ஷ், விஸ்கொன்சினில் 'ஆமை ஓடை' என்னும் பெயருடைய ஓர் இடத்தைக் கண்டு, ஆமையோட்டின் உறுதியை நினைந்து இப்பெயரை இட்டாராம்.)

கார்ணோபாவின் குறை, அதன் ஆயுள் குறுகியது என்பதே. நம் வெயிலிலும் உப்பிலும் இரண்டு மாதம் நின்றால் பெரிது. செயற்கைப் பொலிமர்ப் பூச்சு நான்கைந்து மாதம் நிற்கும். அழகில் சற்றுக் குறைவு என்பர் சிலர். அண்மையில் பெயர்பெற்றுள்ள செறாமிக் பூச்சு ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடியதாயினும், வர்ணத்தை முன்னரே செம்மைப்படுத்திப் பூசுவதற்குக் கைதேர்ந்தவர் வேண்டும், செலவும் அதிகம். பழைய மொரிஸ் மைனரை அன்போடு வைத்திருப்பவர் கார்ணோபாவைத் தேடட்டும். நாள்தோறும் சிலாபத்துக்கோ கொழும்புக்கோ ஓடும் காருக்குப் பொலிமர் வகையே போதும் என்பது என் கருத்து.

தென்னை நாடாகிய இங்கே தேங்காயெண்ணெயைத் தேய்த்துக் காரை மினுக்கும் வழக்கமும் உண்டு. அன்று மாலை கார் மணப்பெண்போல் மின்னும். மறுநாள் அவ்வெண்ணெயில் மணலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். துடைக்கும்போது அம்மணலே அரம். மண்ணெண்ணெயும் அப்படியே. துணி தோய்க்கும் சவர்க்காரத்தூளோ, இருந்த மெழுகையும் வழித்தெடுத்துவிடும்.

பூசும் வேலை கடினமானதன்று, பொறுமைதான் வேண்டும். காற்று எழுவதற்கு முன், அதிகாலையிலே, நிழலில் தொடங்குங்கள். முதலில் துணியால் தொடவே கூடாது. வாளி வாளியாக நீரை மேலிருந்து ஊற்றி மணலை மிதக்கவிட்டுக் கழுவ வேண்டும். தென்னந்தும்பால் தேய்ப்பது பெருங்குற்றம். பானைக்கு உரியது காருக்கு ஆகாது. கரையோரக் கிணற்று நீர் பலவிடங்களில் உவர்ப்பும் வன்மையும் உடையதாகையால், தானாக உலர விட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழும். மழைநீர் சேர்த்து வைத்திருந்தால் கடைசி நீருக்கு அதை வழங்குங்கள். இல்லையேல் உடனே ஒற்றி எடுங்கள். பலமுறை தோய்த்து மெதுமையான பழைய பருத்திச் சாரம் இதற்கு மிக நன்று; தையல் விளிம்பை மட்டும் கத்தரித்து விடுங்கள்.

மெழுகை விரலளவு தொட்டு, ஒரு முறைக்கு ஒரு தகடாக, இருக்கிறதோ இல்லையோ என்று ஐயுறும்படி மெல்லப் பூசுங்கள். வர்ணத்தில் தங்குவது ஒரு மைக்ரோனிலும் குறைந்த படலமே. மிகுதியெல்லாம் துணிக்குத்தான் போகும். மூடுபனிபோல் வெளிறிய பின் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இழுகாமல் தெளிவாகத் துலங்கினால், வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்கலாம். கறுப்பு றப்பரிலும் பிளாஸ்ரிக்கிலும் பட்டால் வெண்கறை நிற்கும். முன்கண்ணாடியில் பட்டால் மழையிரவில் பார்வையை மறைக்கும். புதிதாக வர்ணம் அடித்த வண்டிக்கு உடனே மெழுகு கூடாது. உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற ஓரிரு மாதம் பொறுக்க வேண்டும். எத்தனை நாள் என்பதை அடித்தவரையே கேட்பது நன்று.

இனி, மெழுகால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். இக்கரையில் கார்கள் அழிவது பொனற்றிலிருந்தன்று, அடியிலிருந்து. கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவின் உட்புறம், தரைத்தகட்டின் மடிப்பு என்பவற்றில் உப்பு மணல் தேங்கி, மெழுகு ஒருநாளும் எட்டாத இடத்தில் துரு தொடங்குகிறது. மேலே முகம் தெரியும்படி மினுக்கிவிட்டு அடியைக் குனிந்து பாராதவர் பலர். கடற்கரை மணலில் ஓட்டிவந்த அன்றே அடிப்பாகத்துக்கு நன்னீர் அடிக்க வேண்டும். கதவின் அடியிலுள்ள நீர்போகும் சிறு துளைகளை ஈர்க்கால் குத்தித் திறந்துவிட வேண்டும். கல் பட்டுப் பெயர்ந்த இடத்துக்கு முதலில் வர்ணம், பிறகே மெழுகு. வெயிலின் ஊதாக்கதிரைத் தடுப்பதிலும் மெழுகைவிடக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலே சிறந்தது. தார்ப்பாய் போட்டு இறுக மூடுவதை நான் விரும்பேன். காற்றில் அது அசைய அசைய, இடையிலுள்ள மணல் வர்ணத்தை அராவும்.

காலத்தைக் கணக்கிட்டால், காற்றுக்கு முன் ஏப்ரலில் ஒரு முறை, இடையில் ஓகஸ்டில் ஒரு முறை, பெருமழைக்கு முன் ஒக்டோபரில் ஒரு முறை பூசுவது பொலிமர் வகைக்குப் பொருந்தும். கார்ணோபாவானால் இடைவெளியைப் பாதியாக்குங்கள். நாட்காட்டியைவிட நீரே நல்ல சாட்சி: ஒரு குவளை தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது, பாயாகப் பரந்து கிடந்தால் போய்விட்டது. இந்தச் சோதனையைச் சிறுவரிடம் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தவறாது செய்வார்கள். துணியில் எஞ்சிய மெழுகை எறிய வேண்டாம். துவிச்சக்கர வண்டியின் கைபிடிக்கும், முச்சக்கர வண்டியின் முகப்புக்கும் அது போதும்.