எந்த போர்டு சார்? ஓசூரில் வீட்டு டியூஷன் தேடுவோருக்கு

ஓசூரில் ஒரே காம்பவுண்டுக்குள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தால், மூன்று பேரும் மூன்று விதமாகத் தேர்வு எழுதுபவர்களாக இருக்கலாம். ஒரு பிள்ளை மெட்ரிக் பள்ளியில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் படிக்கும். அடுத்தது சிபிஎஸ்இ. மூன்றாவது, ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வேனில் போய்க் கர்நாடக எஸ்எஸ்எல்சி படிக்கும். 'மேத்ஸ், சயின்ஸுக்கு வீட்டுக்கு வந்து சொல்லித்தர ஆள் வேண்டும்' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நாலைந்து நம்பர்கள் வந்துவிடும். பெற்றோர் உடனே விசாரிப்பது, வருபவர் எம்எஸ்சியா பிஇயா என்று. அது இரண்டாவது கேள்வி. இதுவரை எந்த போர்டுப் பிள்ளைகளுக்கு எடுத்திருக்கிறார் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கில் அணிகளும் பெருக்குத் தொடர்வரிசையும் வருகின்றன. சிபிஎஸ்இ பிள்ளை பெருக்குத் தொடரைப் பார்ப்பது 11-இல், அணிகளைப் பார்ப்பது 12-இல். நம் வினாத்தாளில் 100-க்கு 16 மதிப்பெண் இரண்டே கேள்விகளில் இருக்கிறது: ஒன்று வடிவியல் வரைதல், மற்றது வரைபடம். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பிலோ காம்பஸ் வைத்து வரையும் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். சிபிஎஸ்இ-க்கே எடுத்துப் பழகியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த 16 மதிப்பெண் பக்கம் திரும்பாமலே வருடத்தை ஓட்டிவிட முடியும். கர்நாடகத்தில் கணக்கும் அறிவியலும் என்சிஇஆர்டி புத்தகங்களை ஒட்டியவை என்பதால், அங்கே படிக்கும் பிள்ளைக்குச் சிபிஎஸ்இ டியூஷன் சார் பொருந்திவிடுவார். சிபிஎஸ்இ-யிலும் ஒரு பிரிவு உண்டு. 2020 பொதுத்தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கில் ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு தாள்கள். பிள்ளை எதை எழுதப்போகிறது என்று கேட்காமலே பாடத்தைத் தொடங்குபவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

டெமோ கிளாஸ் என்று ஒரு மணி நேரம் வந்து பேசிவிட்டுப் போவதில் ஒன்றும் தெரியாது. ஒரு கணக்கைக் கையில் கொடுங்கள். உதாரணமாக: 3 செ.மீ ஆரமுள்ள வட்டம், மையத்திலிருந்து 5 செ.மீ தள்ளி ஒரு புள்ளி, அங்கிருந்து இரண்டு தொடுகோடுகள். நல்ல ஆசிரியர் முதலில் உதவிப்படம் போடச் சொல்வார். மையத்தையும் புள்ளியையும் இணைத்து, அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு வரைந்து, நடுப்புள்ளியிலிருந்து இன்னொரு வட்டம் போட்டால் இரண்டு வட்டங்களும் வெட்டும் இடங்கள்தான் தொடும் புள்ளிகள். அளந்தால் 4 செ.மீ வரும். அவர் அங்கே நிறுத்திக்கொள்கிறாரா, '25-இல் 9 போனால் 16, அதன் வர்க்கமூலம் 4, பிதாகரஸ் சொன்னது சரியாக இருக்கிறதா பார்' என்று பிள்ளையையே சரிபார்க்க வைக்கிறாரா என்று கவனியுங்கள். பக்கத்து அறையில் உட்கார்ந்து காது கொடுத்தாலே போதும். நமக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. பேசுவது அவர் மட்டும்தானா, பிள்ளையின் குரலும் கேட்கிறதா?

இன்னொன்று: பழைய விடைத்தாளைக் கேட்கிறவரை விடாதீர்கள். இருபடிச் சமன்பாட்டில் தடுமாறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் சிக்கல் ஏழாம் வகுப்புப் பின்னத்திலும் கூட்டல் கழித்தல் குறியிலும் இருக்கும். தனியாக ஒருவரை வீட்டுக்கு வரவழைப்பதன் உண்மையான பயன், அவர் மூன்று வகுப்பு கீழே இறங்கிவந்து சொல்லித்தருவதுதான். அந்தத் தேவை இல்லாத பிள்ளைக்குத் தனி டியூஷன் வீண் செலவு என்பது என் கருத்து. ஒரே போர்டு, ஒரே வகுப்பு என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு ஃபீஸைப் பங்கிடலாம்.

சயின்ஸில் நிலைமை வேறு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. இயற்பியலை அருமையாக நடத்தும் பிஇக்காரர் விலங்கியலில் புத்தகத்தை வாசித்துவிட்டுப் போவார். பாதிப் பாடத்துக்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னட வழியில் படித்துவிட்டுத் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாறும் பிள்ளைகள் உண்டு. இவர்களுக்கு விளக்கம் வீட்டுப் பேச்சில் இருக்கலாம். எழுதிப் பார்ப்பது தேர்வு எழுதும் மொழியில்தான் இருக்க வேண்டும்.

யார் வருகிறார்கள்? பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி, கிருஷ்ணகிரி கலைக் கல்லூரிகளில் படிக்கும், படித்து முடித்த இளைஞர்கள். சிப்காட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் எடுப்பவர்கள். பிஎட் முடித்த இல்லத்தரசிகள். பள்ளி ஆசிரியரையே கூப்பிடலாமே என்று தோன்றும். ஆனால் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. இருந்தும் நாடு முழுக்க டியூஷனுக்குப் பஞ்சமில்லை. ஒன்றிய அரசின் 2025 மாதிரி ஆய்வுப்படி, மாணவர்களில் 27 சதவீதம் பேர் தனிப் பயிற்சிக்குப் போகிறார்கள்.

கம்பெனிக்காரர் சொல்லித்தர வந்தால் அவருடைய ஷிஃப்டைக் கேளுங்கள். இந்த வாரம் காலை ஆறு முதல் இரண்டு, அடுத்த வாரம் இரண்டு முதல் பத்து என்று சுழல்பவர் மாலை ஆறு மணி கிளாஸுக்கு ஒருவாரம் விட்டு ஒருவாரம்தான் வருவார். மாதச் சம்பளம் பேசுவதைவிட வகுப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஆன்லைன் ஏஜென்சி மூலம் வந்தால் கமிஷன் யார் தருவது, நடுவில் ஆள் மாறினால் என்ன என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். ஆதார் நகலும், ஏற்கெனவே எடுத்த இரண்டு வீடுகளின் நம்பரும் வாங்குவதில் கூச்சப்பட வேண்டாம். கிளாஸ் ஹாலில் நடக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து ஹாலில்தான் தூங்குகிறார் என்றால், கிளாஸ் நேரத்தில் அவரை உள்ளறைக்கு அனுப்பிவிடுங்கள்.