பாலகாட்டில் ஒரு வீட்டுக் குளம்

பங்குனி பிறந்ததும் எங்கள் வீட்டுக் கொல்லையில் முதலில் கேட்பது குயிலின் குரல். அடுத்துக் கேட்பது, தண்ணீர் என்று வரும் என்ற கேள்வி. கோலார் தங்கவயலில் இளவேனிலை அறிவிப்பவை இவ்விரண்டும்தான். இத்தகைய ஊரில் காய்கறிப் பாத்திகளுக்கு நடுவே தவளைக்கும் தும்பிக்கும் ஒரு சிறு குளம் அமைத்தபோது, அண்டை வீட்டார் எங்களை வியப்போடு பார்த்ததில் குற்றமில்லை.

பாலகாட் என்பது இங்கிருந்த சுரங்கமொன்றின் பெயர். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய தங்க வேட்டை, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதோடு நின்றது. எஞ்சியவை தொழிலாளர் குடியிருப்புகளும், தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவுப்பொடி மலைகளும். அவற்றைச் சயனைட் மேடு என்றே அழைக்கிறோம். காற்று எழும் நாள்களில் அந்தப் பொடி கீரையிலும் படிகிறது. பறித்ததை மூன்று முறை அலசாமல் சமைப்பதில்லை. கொல்லை மண்ணை நம்பாமல், முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, ஏரி வண்டலும் மட்கிய சாணமும் கலந்து நிரப்பிய பாத்திகளில்தான் பயிரிடுகிறோம். மேட்டின் அருகே குடியிருப்போர் பயிரிடுமுன் மண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

குளத்தின் அளவு பெரிதன்று. ஆறடி நீளம், நான்கடி அகலம், நடுவில் ஒன்றரை அடி ஆழம். ஏறத்தாழ 700 லிட்டர் கொள்ளும். அடியில் சில்பாலின் விரிப்பு. ஒரு பக்கம் கற்களைச் சரிவாக அடுக்கினோம். சரிவில்லாத தொட்டியில் விழுந்த ஓணான்கூட ஏறமுடியாமல் மடியும். குழந்தைகள் வந்துபோகும் வீடாகையால் மேலே கம்பி வலை போட்டிருக்கிறோம். ஐப்பசி மழையில் கூரைநீரைத் திருப்பி நிரப்பினோம்.

முதல் மாதம் தோல்விதான். தவளை வரவில்லை, கொசுப்புழு வந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று, டெங்கு வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. தேநீர் வடிகட்டியால் காலையும் மாலையும் புழுக்களை அரித்தெடுத்தோம். கொசுவை ஒழிக்கக் கம்பூசியா மீன் விடலாமே என்றனர் சிலர். அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் தலைப்பிரட்டைகளையும் விட்டுவைக்காது என்பதால் தவிர்த்தோம். தை மாதத்தில் ஊசித்தட்டான்கள் வந்து முட்டையிட்டன. அவற்றின் இளம்புழுக்கள் நீருக்குள்ளேயே வேட்டையாடி வளர்பவை. கொசுப்புழு அவற்றுக்கு நல்லுணவு. மாசிக்குப் பின் வடிகட்டிக்கு வேலையில்லை.

அப்போதுதான் ஒன்றை உணர்ந்தோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்புவது, வேட்டையாடும் உயிர் எதுவும் இல்லாத சேமிப்பு நீரை. குழாய்நீர் முறையாக வராத எங்கள் தெருவில் வீட்டுக்கு நான்கு பிளாஸ்டிக் பீப்பாய்கள் உண்டு. அதன் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே பீப்பாயைக் காலிசெய்தால் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவி, துணியால் இறுகக் கட்டி மூடவேண்டும். இதைச் சொன்னபின் பெரியம்மாவின் பார்வை எங்கள் குளத்திலிருந்து அவர் வீட்டுப் பீப்பாய்க்கு மாறியது.

இப்போது தோட்டம் எப்படி? கத்தரி பூத்திருக்கிறது. வெண்டை இரண்டு இலை விட்டுவிட்டது. தக்காளிதான் ஏமாற்றம்: வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோயில் ஆறு செடிகளைப் பிடுங்கியெறிந்தோம். தக்காளிச் சந்தைக்குப் பெயர்பெற்ற கோலார் மாவட்டத்தில் இருந்துகொண்டு கடையில் தக்காளி வாங்குவது சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது. சென்ற வாரம் பெய்த கோடைமழையின் இரவில் இரண்டு தேரைகள் குளத்தோரம் கத்தின; காலையில் கறுப்பு மணிகள் கோத்த சரம்போல் முட்டைகள் நீரில் கிடந்தன. தேரை இரவில் பாத்தியில் இறங்கிப் பூச்சிகளைப் பிடிக்கும். தவளையைத் தேடித் தண்ணீர்ப் பாம்பும் ஒருமுறை வந்தது. அது நஞ்சற்றது என்று தெரிந்தும் சற்று விலகியே நின்றோம்.

தண்ணீர்க் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு குடம் நீர் ஆவியாகிறது. குழாய்நீரைக் குளோரின் தணிய ஒருநாள் வாளியில் திறந்துவைத்தே ஊற்றுகிறோம். அடியில் தேங்கும் கலங்கல்நீரை வாரமொருமுறை மொண்டு கத்தரிக்கு விடுவதால் அந்தக் குடம் முற்றிலும் வீணன்று. அரிசி களைந்த நீர் கீரைக்குப் போகிறது. ஆயினும் லாரித் தண்ணீர் நான்கு நாள் தவறினால் அந்த ஒரு குடம் சமையலுக்கா, தலைப்பிரட்டைகளுக்கா என்று வீட்டில் வாக்குவாதம் எழுவதுண்டு. இன்று காலை நீர்மட்டம் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. லாரி நாளைக்கு வரும் என்கிறார்கள்.